அக்கா கல்யாணத்தில் நான் போட்ட ஒற்றை வெடி

ஒரு பாடத்தை நடத்துகிறவருக்கு அந்தப் பாடம் தெரியும் என்று நம்புவது இந்த உலகத்தின் பெருந்தன்மை. நான் பதினோரு வருடங்களாக ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் நடத்துகிறேன். அதில் முதல் மூன்று வருடம் எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியவில்லை. புத்தகத்தைக் கரும்பலகைக்கு மாற்றினேன், பிள்ளைகள் கரும்பலகையை நோட்டுக்கு மாற்றினார்கள், பரீட்சையில் அது விடைத்தாளுக்கு மாறியது. நடுவில் யார் மண்டையிலும் அது ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. கடைசியில் எனக்கு அதைப் புரியவைத்தது என் அக்கா பவானியின் கல்யாணம். அன்று காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருந்தார் எங்கள் துறைத்தலைவரான எச்.ஓ.டி. நல்ல மனிதர். ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "பாடத்தைச் சொல்லாதீங்க உமா, காட்டுங்க" என்றார். வகுப்பு திங்கட்கிழமை. அக்கா கல்யாணம் அதற்கு முந்தின வியாழக்கிழமை.

எதைக் காட்டுவது? இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். பெயர்தான் பெரிது. மண்பானை வாங்கும்போது விரலால் ஒரு சுண்டு சுண்டி, என்ன சத்தம் வருகிறதென்று காதை வைத்துக் கேட்கிறோமே, அதேதான். எந்த அமைப்புக்கும் சட்டென்று ஒரே ஒரு தட்டுக் கொடுத்து, அது திருப்பித் தரும் பதிலைப் பதிவு செய்துகொண்டால் போதும். அப்புறம் வேறு எதைக் கொடுத்தாலும் அது எப்படி வெளியே வரும் என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பெரிய கூடத்தின் பதிலைப் பதிவு செய்தால், என் வீட்டு அறையில் நான் பேசியதை அந்தக் கூடத்தில் பேசியது போல் பிள்ளைகளுக்குக் கேட்க வைக்கலாம். பெரிய கூடத்துக்கு எங்கே போக? ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா கல்யாணத்துக்குப் பிடித்திருந்த மண்டபம் இருந்தது. (சொந்த அக்கா கல்யாணத்தை ஆய்வுக்கூடமாக நினைத்த அந்தப் பெண்ணை இப்போது கண்டால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.)

புத்தகத்தில் பலூனை உடைக்கலாம் என்று போட்டிருந்தது. விடிகாலையில் மேடை அலங்காரத்திலிருந்து ஒரு பலூனைத் திருடி உடைத்துப் பார்த்தேன். அது வெடிக்கவில்லை, பெருமூச்சு விட்டது. பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு பலூன் உடைக்கிறவளைப் போல் ஒரு முட்டாள் உண்டா என்று எனக்கே ரோஷம் வந்தது. மணமகன் வரவேற்புக்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த பெட்டியில் ஒற்றை வெடிகள் இருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று சோதனைக்கு, மற்றது சோதனை சொதப்பினால்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தையும் எல்லைப் பாதுகாப்பு மாதிரிதான் நடத்தினார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் வேலுச்சாமி.

வேலுச்சாமி மாமா மாப்பிள்ளையின் தாய்மாமா. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடமாக ஃபிட்டர். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் அந்த வீட்டில் இவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று அவருக்குக் காப்பி கொஞ்சம் பிந்தி வந்தது, வந்ததும் ஆறிப் போயிருந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். தட்டு மாற்றாமல் சபையே பதினைந்து நிமிடம் நின்றது. அப்பா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். யாரிடமும் குனியாத அப்பா குனிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். உட்காரும்போது மாமா சொன்னார்:

"இன்னைக்குக் காப்பியோட போச்சு. கல்யாணத்தன்னைக்கு மரியாதையில ஒரு குறை வந்துச்சு, வாசல்லயே வண்டியத் திருப்பிருவேன்."

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் பேசி முறிந்திருந்தன. மூன்றாவதும் முறிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா ஒரு மாதம் தூங்கவில்லை. அதைவிட முக்கியம், அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவரிடமிருந்து போன் வந்தால் மாடிக்கு ஓடுவாள். அவள் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதனால் வரவேற்பில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்று அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை வீட்டார் இராஜபாளையத்திலிருந்து காலை ஆறரை மணி வாக்கில் காரில் வருவார்கள். தெருமுக்கில் சித்தப்பா நிற்பார். கார் முக்குத் திரும்பியதும் ஒற்றை வெடி ஒன்று போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் மேளம் தொடங்க வேண்டும். அத்தை தலைமையில் பெண்கள் ஆரத்தியோடு வாசலுக்குப் போக வேண்டும். மைத்துனர் முறைக்குச் சித்தப்பா மகன் பாண்டி மாலை போட வேண்டும். பின்கட்டுச் சமையலில் வடைக்கு எண்ணெய் காய வேண்டும், பந்தியில் இலை விழ வேண்டும். போனை நம்பக்கூடாது, சத்தத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது அப்பா ராணுவத்தில் கற்ற பாடம்.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து இதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். நான் அந்த வரிசையில் இல்லை. அப்பாவின் அணிவகுப்பு ஆரம்பித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு, கூடத்தில் எதிரொலி எப்படி வருகிறது என்று கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு அடிக்கப் பத்து நிமிடம். எல்லோரும் காப்பிக்கும் குளிக்கவும் போயிருக்க, கூடம் காலியாகக் கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. போனை மேடையில் வைத்துப் பதிவைத் தட்டிவிட்டு, பக்கவாசல் படியில் வெடியை வைத்து ஊதுபத்தியால் பற்ற வைத்தேன்.

என்ன சத்தம்! கூடம் அதிர்ந்தது. எதிரொலி சுவருக்குச் சுவர் போய்த் தேய்ந்து வந்தது. நான் கண்ணை மூடி எண்ணினேன். ஒன்று. இரண்டு. இரண்டரையில் அடங்க வேண்டும். அடங்கவில்லை. நாதஸ்வரமாக மாறியது.

ஒரு கணம், எதிரொலிக்கு இப்படியும் ஒரு குணம் உண்டோ என்றுகூட நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அடுத்த கணம் தவில் இடித்தது. மாடியிலிருந்து பட்டுப்புடவைகள் தடதடவென்று இறங்கின. பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறியது. யாரோ "பந்திக்கு வாங்க, பந்திக்கு வாங்க" என்று கூவ, பல்விளக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடினார்கள். நான் கூடத்தைத் தட்டிப் பார்க்க நினைத்தேன். கல்யாணத்தையே தட்டிவிட்டேன். அது அப்பா சொல்லிக்கொடுத்தபடி, ஒன்று குறையாமல், முழுப் பதிலையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

தெருமுக்கில் இருக்க வேண்டிய சித்தப்பா அப்போது டீக்கடையில் இருந்தார். வெடிச்சத்தம் கேட்டதும், தான் இல்லாத நேரத்தில் கார் வந்து வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று பயந்து, வாயைத் திறக்காமல் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் இறங்கினார் எங்கள் எச்.ஓ.டி. பத்து மணிக்கு மதுரையில் வேலை இருந்ததால், முகம் காட்டிவிட்டுப் போகலாம் என்று மனைவியோடு சீக்கிரமே வந்திருந்தார்.

போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். பாண்டி ஆயுதப்படையில் காவலர். உத்தரவு என்றால் உத்தரவு. காரிலிருந்து இறங்குகிறவருக்கு மாலை போடு என்றால் போடுவான், முகத்தைப் பார்க்கச் சொல்லி உத்தரவில் இல்லை. நான் மேடையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் மாலை விழுந்துவிட்டது. ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் எச்.ஓ.டி.ம்மா" என்றார் அவர்.

"எதா இருந்தா என்ன, நெத்தியக் காட்டுங்க" என்று அத்தை குங்குமத்தை வைத்தார்.

எச்.ஓ.டி.யின் மனைவி மட்டும் நிதானமாக இருந்தார். "இவருக்கு இதெல்லாம் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுங்க" என்றார்.

அப்போதுதான் அப்பா வந்தார். பாதி முகத்தில் சவரச் சோப்பு. மேளத்தைக் கையால் நிறுத்தினார். "யாரு வெடி போட்டது?" என்று கேட்டார். நான் அவருக்கு நான்கடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்து 'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது இருபத்தாறு, கையில் முதுகலைப் பட்டம், இடுப்பு மடிப்பில் மிச்ச வெடி.

யாரும் பதில் சொல்லாததால் அப்பா ஒரு உத்தரவு போட்டார்: "இனிமே வெடி கேட்டா ஒருத்தரும் அசையக் கூடாது. நான் வாயால சொன்னாத்தான் எதுவும்." எல்லோரும் தலையாட்டினார்கள். தெருமுக்கில் நின்ற சித்தப்பாவுக்கு மட்டும் இதை யாரும் போய்ச் சொல்லவில்லை.

இதற்குள் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்று மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டார். அப்பா மேலே போனார். அவர் மேலே இருக்கும்போதே, சரியாக ஆறரைக்கு, சித்தப்பா தன் கடமையைச் சுத்தமாகச் செய்தார். முக்கில் வெடி வெடித்தது.

ஒருவரும் அசையவில்லை. மேளக்காரர்கள் இட்லியைப் பிட்டபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டி விறைப்பாக நின்றான். ஒரு அமைப்புக்கு இன்று ஒரு தட்டுக் கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நான் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். நாற்பது நிமிட இடைவெளியில் அதுவும் பொய்த்தது.

மூன்று கார்கள் வாசலில் வந்து நின்றன. முதல் காரிலிருந்து வேலுச்சாமி மாமா இறங்கினார். வாசலில் மேளம் இல்லை, ஆரத்தி இல்லை. ஆரத்தித் தண்ணீர் ஏற்கெனவே ரோட்டில் ஊற்றப்பட்டுச் சிவப்பாகக் கிடந்தது. கழுத்தில் மாலையும் நெற்றியில் குங்குமமுமாக எங்கள் எச்.ஓ.டி. மட்டும் மதுரைக்குக் கிளம்பி நின்றார். (போட்ட மாலையைக் கழற்றினால் சகுனம் ஆகாது என்று அத்தை அவரைக் கழற்ற விடவில்லை.)

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க எச்.ஓ.டி."

"அவருக்கு எதுக்கு மாலை?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அக்கா வாழ்க்கை போயிற்று. காருக்குள் மாப்பிள்ளை இருக்க, இதே மண்டப வாசலில் வேறு ஒருவர் மாலையோடு நிற்கிறார். அப்பாவிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். வெடியைப் போட்டது நான்தான் என்றேன். எதற்கு என்றார். ஒரு தட்டுத் தட்டி, கூடம் என்ன பதில் சொல்கிறதென்று பதிவு செய்ய என்றேன். அழுகைக்கு நடுவில் எவ்வளவு தெளிவாகச் சொன்னேனோ தெரியாது. மூன்று வருட வகுப்பில் ஒருநாளும் நான் அவ்வளவு எளிமையாக அதைச் சொன்னதில்லை என்று மட்டும் தெரியும்.

மாமா யோசித்தார். "மில்லுல பேரிங் போயிருச்சான்னு ஸ்பேனரால ஒரு தட்டுத் தட்டிக் காது வெச்சுக் கேப்போம். அதையா சொல்லுத?"

"ஆமா மாமா. அதேதான்."

"அதக் கல்யாணத்தன்னைக்கா தட்டிப் பாக்கணும்?"

அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அது இன்னும் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டேன். அவர் அதைக் காதோடு வைத்து, பேரிங்கைக் கேட்கிற மாதிரியே, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் ஐந்து நிமிடம் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெடி மிச்சம் இருக்கா?"

தலையாட்டினேன். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வண்டியத் திருப்பு" என்றது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டது.

மூன்று கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பின்சீட்டில் மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கார்கள் முக்குத் திரும்பி மறைந்த நேரத்தில்தான், அக்காவின் கதவைத் தட்டுகிற சத்தத்தில் வெடியே காதில் விழாத அப்பா வாசலுக்கு வந்தார். அவர் பார்த்தது கடைசிக் காரின் பின்பக்கத்தை மட்டும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. அடிக்கவுமில்லை. படியில் மெதுவாக உட்கார்ந்தார். காதோரம் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "ஒங்க அக்காகிட்ட நீயே போயிச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

மாடிப்படி வரை போனேன். ஏற முடியவில்லை. அக்காவுக்கு எந்த வார்த்தையில் தொடங்குவது? முதல் படியில் நின்றபோதுதான், போகிற மனிதர் வெடி மிச்சம் இருக்கிறதா என்று எதற்குக் கேட்டார் என்று மண்டையில் ஏறியது. (நம் அமைப்பில் கொஞ்சம் தாமதம் எப்போதும் உண்டு.) வாசலுக்கு ஓடினேன். தெருமுக்கில் முதல் காரின் மூக்கு மட்டும் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. காத்துக்கொண்டிருந்தது.

இடுப்பிலிருந்து வெடியையும் ஆரத்தித் தட்டிலிருந்து தீப்பெட்டியையும் எடுத்தேன். வியர்வையில் திரி நனைந்திருந்தது. முதல் குச்சிக்குப் பற்றவில்லை. இரண்டாவதுக்கும் பற்றவில்லை. மூன்றாவதுக்குச் சீறியது. வெடித்தது.

ஒருவரும் அசையவில்லை. உத்தரவு! அப்பாவைப் பார்த்தேன். கார் முன்னால் நகர்வதை அவரும் பார்த்துவிட்டார். எழுந்து நின்று, அணிவகுப்பு மைதானத்துக் குரலில், "எடு மேளத்த" என்றார்.

அப்புறம் நடந்ததில் ஒரு குறை இல்லை. அத்தைக்கு இந்தத் தடவை அப்பாவே கண்ணாடியை மாட்டிவிட்டார். புது ஆரத்தி, புது மாலை, பன்னீர், சந்தனம். காரிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக வருகிறவர் மாதிரி வேலுச்சாமி மாமா இறங்கினார். சூடாகக் காப்பி வந்தது. வாங்கிக் குடித்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டரைக்குத் தாலி ஏறியது. முதல் பந்திக்கு மட்டும் வடை ஆறிப் போயிருந்தது.

என் கதைக்கு அப்படி ஒரு நல்ல முடிவு அமையவில்லை. மாதிரி வகுப்புக்கு வெடியையும் இரண்டரை நொடி எதிரொலியையும் மட்டும் வெட்டி வைத்திருந்தேன். பென்டிரைவில் ஏற்றியது வெட்டாததை. அறுபது மாணவர்கள், முன்பெஞ்சில் எச்.ஓ.டி. ஓடவிட்டதும் கம்ப்யூட்டர் உறைந்துபோனது. நிறுத்த முடியவில்லை. வெடி, எதிரொலி, நாதஸ்வரம், அப்புறம் தெள்ளத் தெளிவாக அத்தையின் குரல்: "மாப்பிள்ளை செத்த வயசாத் தெரியுதாரே." அதைத் தொடர்ந்து, "அம்மா, நான் எச்.ஓ.டி.ம்மா." நான் வயரைப் பிடுங்கும்போது வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் கிடந்தார்கள்.

எச்.ஓ.டி. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். காரணத்துக்கு முன்னால் காரியம் நடக்கக் கூடாது என்ற பாடவிதிக்கு, மாப்பிள்ளை வருமுன் ஆரத்தி எடுத்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று ஒத்துக்கொண்டார். என்னை நிரந்தரமாக்க மேலும் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்.

அக்கா அன்று எதற்கு அழுதாள் என்பது மறுவீட்டில்தான் தெரிந்தது. முதல் வெடிக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறாள். வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய ஆளுக்கு மாலை விழுவதைப் பார்த்து, அப்பா கடைசி நேரத்தில் மாப்பிள்ளையை மாற்றிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். இப்போதும் வீட்டில் சண்டை வந்தால் அத்தான் எனக்குப் போன் போடுவார். "அந்த வெள்ளைக் காரு இன்னும் இருக்கான்னு கேட்டுச் சொல்லு உமா, ஒங்க அக்காவ அனுப்பி வைக்கேன்" என்பார்.

அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. குடும்பத்தில் எல்லோரும் கேட்டுச் சிரிப்பார்கள். நான் கேட்பதில்லை. "யாரு வெடி போட்டது?" என்று அப்பா கேட்டதற்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த இடம் நான்.

வேலுச்சாமி மாமா அதற்கப்புறம் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும் காரைவிட்டு உடனே இறங்க மாட்டார். "உமா எங்க?" என்று கேட்பார். நான் வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இது எட்டு வருடமாக நடக்கிறது.

போன மாதம் இராஜபாளையத்தில் அக்காவின் புதுவீட்டுப் பால்காய்ச்சு. மாமா வந்தார். கைகளை விரித்துக் காட்டினேன். அவர் இறங்கவில்லை. என் பக்கத்தில் நின்ற என் மகளைப் பார்த்தார். அவளுக்கு நான்கு வயது.

"அவ கையையும் விரிக்கச் சொல்லு" என்றார்.

விரிக்க மாட்டேன் என்று அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.